குளோஸே 20 வயசு வரைக்கும் தச்சு வேலை பார்த்தாராமே, நெசமா?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஃபுட்பால் பார்க்கத் தெரியும், அதைப் பத்திப் பேசத் தெரியாது. தப்பா எழுதியிருந்தா திட்டாம சொல்லிக் கொடுங்க.

செம்மண்டலத்துல கதவு ஜன்னல் பட்டறை வச்சிருக்கேன். அக்கா மவன் என்கூடத்தான் வேலை பார்க்கிறான். 19 முடியப் போகுது. சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா உளியைக் கீழ போட்டுட்டு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஓடிருவான். அங்க ஒரு டீமுக்கு அவன்தான் நம்பர் 9, முன்னாடி நின்னு கோல் போடுறவன். போன மாசம் ஒரு செலெக்‌ஷனுக்குப் போனான். எடுக்கல. அதுகூடப் பரவாயில்ல, அங்க இருந்த ஒருத்தர், "பத்தொம்பதா? பதினாலுல வந்திருந்தா பார்த்திருக்கலாம்"னு சொல்லிட்டாராம். அன்னிலேருந்து பூட்ஸ் மரத்தூள் மூட்டைக்குப் பின்னாடி கிடக்கு. மைதானத்துக்கும் போறதில்ல, வேலைலயும் மனசு இல்ல. நேத்து ஒரு நிலைச்சட்டத்தை அரை இஞ்ச் குறைச்சு அறுத்துட்டான். நல்ல கோங்கு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

இதைக் கேட்ட நெய்வேலி கஸ்டமர் ஒருத்தர், ஜெர்மனில குளோஸேன்னு ஒருத்தர் இருந்தார், உலகக் கோப்பைல 16 கோல் போட்டவர், அவரும் 20 வயசு வரைக்கும் உங்கள மாதிரி தச்சன்தான், ஏழாவது டிவிஷன்ல ஊர் டீமுக்கு ஆடிட்டிருந்தார்னு சொன்னார். பையன்கிட்ட சொன்னேன். "மாமா, இதெல்லாம் வாட்ஸப் கதை"ன்னுட்டான்.

நெசமா, கதையா? நெசம்னா எந்தத் தச்சு வேலை? கதவா, கட்டிலா, கூரையா? இதையும் தெரிஞ்சவங்க சொல்லுங்க, பையன் அதைத்தான் முதல்ல கேட்பான். இன்னொண்ணு, இவனுக்கு ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால முட்டுறது, வராது. பந்து வந்தா கண்ணை மூடிக்கிறான். குளோஸேவோட எந்த மேட்சைக் காட்டலாம்?


புள்ளிவிவரம் எழுதியது:

தச்சு வேலை நெசம்தான். ஏழாவது டிவிஷனும் நெசம். ஆனா 16 கோல்னு சொல்றவங்க எத்தனை மேட்ச்னு சொல்ல மாட்டாங்க. 24 மேட்ச், நாலு உலகக் கோப்பை. அதே ஜெர்மனியோட பழைய ஆள் கெர்ட் முல்லர் 13 மேட்ச்லயே 14 போட்டாச்சு. நாட்டுக்காக குளோஸே 137 மேட்ச்ல 71, முல்லர் 62 மேட்ச்ல 68. மேட்சைவிட கோல் அதிகம்! குளோஸே போட்ட 16ல மூணு சவுதி அரேபியா மேல, அந்த மேட்ச் 8-0. பையனுக்கு முல்லரைக் காட்டுங்க.


பழைய ஸ்டாப்பர் (உப்பளம், புதுச்சேரி) எழுதியது:

கெடிலக்கரை தம்பி, புள்ளிவிவரத்துக்குக் கடைசில வரேன். முதல்ல உங்க தச்சு வேலைக் கேள்வி.

கூரை. அவர் கத்துக்கிட்டது கட்டட வேலைத் தச்சு. கட்டில் பீரோ செய்ற தச்சுக்கு ஜெர்மனில தனிப் பேரு, தனிப் படிப்பு. குளோஸேவோடது கைமரம், உத்திரம், முகடுன்னு மேல ஏறி நிக்கிற வேலை. அதனால பையன்கிட்ட தைரியமா சொல்லுங்க, அவரும் தோள்ல மரம் தூக்கினவர்தான்.

இப்ப வயசுக் கணக்கு. பையன் கையில கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. பிறந்தது 1978 ஜூன் 9, போலந்துல ஓப்போலேங்கிற ஊர். ஜெர்மனிக்கு வந்தப்போ எட்டு வயசு. கூசல்னு ஒரு சின்ன ஊர்ல குடும்பம் தங்கிச்சு. பக்கத்துல ப்ளாவ்பாக்-டீடெல்கோப்னு வாயில நுழையாத பேர்ல ஒரு ஊர் டீம், நீங்க சொன்ன ஏழாவது டிவிஷன். அங்கதான் ஆடிட்டிருந்தார். 1998ல, அதாவது 20 வயசுல, ஹோம்பர்க் டீமுக்குப் போனார். அடுத்த வருஷம் கைசர்ஸ்லாட்டர்ன் கிளப்போட ரெண்டாவது டீம். பெரிய டீமுக்கு, ஜெர்மனியோட முதல் டிவிஷனான பூண்டஸ்லீகாவுல முதல்முறையா இறங்கினது 2000 ஏப்ரல். வயசு 22 ஆகப் போகுது. 2001 மார்ச்ல ஜெர்மனி சட்டை. அல்பேனியா மேல, சப்ஸ்டிட்யூட்டா இறங்கி, மேட்ச் முடியப் போற நேரத்துல தலையால முட்டி 2-1 ஆக்கினார். 2002 ஜூன்ல உலகக் கோப்பை ஃபைனல். ஊர் டீம்லேருந்து உலகக் கோப்பை ஃபைனலுக்கு நாலே வருஷம்.

ஆனா தம்பி, பாதியைச் சொல்லி மீதியை மறைச்சா பையன் நாளைக்கு என்னையும் வாட்ஸப் லிஸ்ட்ல சேர்த்துருவான். குளோஸேவோட அப்பாவே தொழில்முறை ஃபுட்பால்காரர். அம்மா ஹேண்ட்பால்ல போலந்து நாட்டு டீம் கோலி. உடம்பு வீட்டிலேயே வார்த்தது. அதைவிடப் பெரிய விஷயம், அங்க ஏணி இருக்கு. ஏழாவது டிவிஷன்ல நாய் குரைக்கிற மைதானத்துல ஆடினாலும் மேல ஆறாவது இருக்கு, அதுக்கு மேல அஞ்சாவது இருக்கு, ஜெயிச்சா ஏறலாம், நல்லா ஆடினா மேல இருக்கிறவன் வந்து பார்ப்பான். நம்ம ஊர் ஏணில அடிப்படி இருக்கும், உச்சிப்படி டிவில தெரியும், நடுவுல ஒண்ணுமே இருக்காது. பையன் 19ல நிக்கிறது அவன் தப்பு இல்ல. செலெக்‌ஷன்ல அப்படிச் சொன்னவரையும் நான் முழுசாத் திட்ட மாட்டேன், அவர் தனக்குத் தெரிஞ்ச ஏணியைச் சொல்லியிருக்கார். சென்னை லீக்ல கீழ் டிவிஷன்கள் இருக்கு, அதுல ஆள் தேடுற டீம்கள் இருக்கு. விசாரிச்சுப் பாருங்க.

சரி, ஆட்டத்துக்கு வரேன். நான் 4-ஆம் நம்பர் சட்டைல 17 வருஷம் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கிறவன். மில் ஷிஃப்ட் முடிச்சு, தலைல பஞ்சோட அப்படியே மைதானத்துக்கு வருவேன். ஃபார்வேர்டு ஆடுறவனை எனக்குப் பிடிக்காது. அது தொழில் தர்மம். அதுலயும் வேகமா ஓடுறவன், காலைச் சுத்திச் சுத்திக் காட்டுறவன்கூடப் பரவாயில்ல. எங்க வருவான்னு தெரியும், ரெண்டடி விட்டு நின்னா போதும். தூக்கத்தைக் கெடுக்கிறவன் வேற ஒருத்தன். மேட்ச் பூராவும் அவன் இருக்கிறதே தெரியாது. பந்து ஓரத்துலேருந்து மேல எழும்பும். நான் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்புவேன், திருப்பித்தான் ஆகணும். அந்த ஒரு கண நேரத்துல என் முதுகுப் பக்கத் தோள்லேருந்து ஒரு காத்து வீசும். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தா வலை ஆடிட்டிருக்கும்.

குளோஸே அந்த ரகம். உயரம் சுமார் ஆறடிதான். அந்த உயரத்தை வச்சுக்கிட்டுதான் 2002 உலகக் கோப்பைல அஞ்சு கோல் போட்டார். அஞ்சும் தலை! சவுதி மேல மூணு, அயர்லாந்து மேல ஒண்ணு, கேமரூன் மேல ஒண்ணு. சவுதி சின்ன டீம்தான், ஒத்துக்கிறேன். அந்த மேட்ச்ல ஸ்டாப்பர்களோட தலையைப் பாருங்க, பந்தைப் பார்க்காதீங்க. அவனுங்க தலை பந்து பக்கம் திரும்பின பிறகுதான் குளோஸே கிளம்புவார். அதுக்கு முன்னாடி நகர மாட்டார். முன்கூட்டியே கிளம்பினா நான் கூடவே போயிருவேன்ல!

பையனுக்குக் காட்ட வேண்டியது மூணு கோல்.

ஒண்ணு, 2006 கால் இறுதி, அர்ஜென்டினா மேல, பெர்லின்ல. ஜெர்மனி 1-0 பின்தங்கியிருக்கு, 80வது நிமிஷம். இடது ஓரத்துலேருந்து பாலாக் தூக்கிப் போடுறார். பந்து முதல்ல குளோஸேக்கு வரல, போரோவ்ஸ்கி தலைல பட்டுத் திசை மாறுது. திசை மாறின பந்துக்கு நின்னு முட்டுறதுக்கு நேரம் கிடையாது. ஆனா அவர் அங்க ஏற்கெனவே போயிட்டிருக்கார். எங்க விழும்னு யோசிச்சுப் போனவர், எங்க விழுதுன்னு பார்த்துட்டுப் போனவர் இல்ல. கண்ணு திறந்திருக்கு, அதை மட்டும் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்க. அந்த மேட்ச் பெனால்டில 4-2, அது ஜெர்மனி கோலி லேமன் காலுறைக்குள்ள சீட்டு வச்சிருந்த கதை. நம்ம விஷயம் அது இல்ல. அந்த உலகக் கோப்பைல அஞ்சு கோல், அதிக கோல் போட்டவருக்குக் கொடுக்கிற தங்கக் காலணி அவருக்குத்தான்.

ரெண்டு, 2010, இங்கிலாந்து மேல. கோலி நோயர் தன் கோல்லேருந்து அடிச்ச ஒரே அடி. நடுவுல யாரும் தொடல. ஸ்டாப்பர் அப்ஸன் பந்துக்கும் குளோஸேவுக்கும் நடுவுல இருக்கார், இல்ல, இருக்கிறதா நினைச்சுக்கிட்டிருக்கார். ஒரு தோள் உரசல், குளோஸே சறுக்கி விரல் நுனில தட்டிட்டார். எனக்கு அப்ஸனைப் பார்த்தா என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும்.

மூணாவது, அந்த 16வது. 2014 அரை இறுதி, பிரேசில் மேல, பெலோ ஹரிசாண்ட்டே, 23வது நிமிஷம். இதுல அழகே கிடையாது. க்ரூஸ் உள்ள தள்ளினது முல்லர் காலுக்கு, அதாவது தாமஸ் முல்லருக்கு, அவர் தொட்டது குளோஸேக்கு. குளோஸே அடிக்கிறார், ஜூலியோ சேசர் தடுத்துடுறார். பந்து திரும்ப அவர்கிட்டயே வருது. நம்ம பசங்க என்ன பண்ணுவாங்க? முதல் அடி தவறினதும் ரெண்டு கையையும் தலைல வைப்பாங்க. அந்த நேரத்துல பந்து போயிரும். இவர் முதல் அடி அடிச்சப்பவே ரெண்டாவது அடிக்குக் காலை ஊன்றிட்டார். உங்க பாஷைல சொன்னா, முதல் அடில ஆணி வளைஞ்சா அதைப் பார்த்து வருத்தப்படுறதுக்கு முன்னாடி சுத்தியல் மறுபடி மேல போயிருக்கணும். அந்தக் கோல்லதான் பிரேசில் ரொனால்டோவோட 15 கோல் சாதனையைத் தாண்டினார். பிரேசில்லயே, பிரேசில் மேலயே. 36 வயசு.

16 கோல்ல தலையால ஏழு, பெனால்டில ஒண்ணுகூட இல்ல. எல்லாம் பாக்ஸுக்குள்ள. புள்ளிவிவரம் சார், இதையும் உங்க கணக்குல சேர்த்துக்குங்க. அவர் கோல் போட்ட எந்த மேட்ச்லயும் ஜெர்மனி தோத்ததே இல்ல. முல்லர் பெரிய ஆள், 1970 மெக்ஸிகோல மட்டும் 10 கோல், யார் இல்லேன்னா? முல்லர் 28 வயசுல நாட்டு டீம்லேருந்து விலகிட்டார். அந்த வயசுல குளோஸேக்கு இன்னும் ரெண்டு உலகக் கோப்பை பாக்கி.


சொல்தா பேரன் (புதுச்சேரி) எழுதியது:

பழைய ஸ்டாப்பர் அண்ணே, நீங்க முல்லர், குளோஸேன்னு ஜெர்மன்காரனையே சுத்திச் சுத்தி வரீங்க. ஃபோன்தேனை மறந்துட்டீங்க. 1958, ஒரே உலகக் கோப்பை, ஆறு மேட்ச், 13 கோல். ஃப்ரான்ஸ். கால்ல போட்டிருந்தது இரவல் பூட்ஸ். எங்க தாத்தா சைகோன்ல சொல்தாவா, அதாவது ஃப்ரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயா, இருந்தவர், கடைசி வரைக்கும் இந்த ஒரு கதையை வச்சே எல்லார் வாயையும் அடைப்பார்.

ஆனா குளோஸே விஷயத்துல எனக்கு வேற ஒரு ஒட்டு இருக்கு. அவரோட அப்பா போலந்தை விட்டு வந்து ஆடினது ஃப்ரான்ஸ்ல, ஓசேர் டீமுக்கு. (எழுத்தைப் பார்த்து ஆக்ஸேர்னு படிக்காதீங்க, தாத்தா இருந்தா பிரம்பெடுத்திருப்பார்.) குளோஸே சின்ன வயசைக் கொஞ்சம் அங்கதான் கழிச்சார். அப்புறம் எட்டு வயசுல ஜெர்மனி போனப்போ ஜெர்மன்ல ரெண்டு வார்த்தைதான் தெரியுமாம். ஆமாம், நன்றி.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க சித்தப்பா மவன் ஞாபகம் வந்துச்சு. அவனும் எட்டு வயசுலதான் முத்தியால்பேட்டைலேருந்து பாரிஸ் பக்கம் போனான். பாஸ்போர்ட்ல ஃப்ரெஞ்சுக்காரன், வாயில ஒரு வார்த்தை ஃப்ரெஞ்சு கிடையாது. முதல் ஆறு மாசம் ஸ்கூல்ல பேசவே இல்லையாம். மத்தியானம் பசங்க பந்து ஆடுற இடத்துல போய் நிப்பானாம். ஒருநாள் ஆள் குறைஞ்சுது, இழுத்து நிறுத்திட்டாங்க. "பந்தை என்கிட்ட கொடு"ங்கிறதுதான் அவன் பேசின முதல் ஃப்ரெஞ்சு. இப்ப அங்க பஸ் ஓட்டுறான், தமிழ்தான் தடுமாறுது.

2014 கால் இறுதில ஜெர்மனிகிட்ட நாங்க, அதாவது ஃப்ரான்ஸ், 1-0 தோத்தோம். ஹம்மெல்ஸ் தலையால போட்டார். அன்னிக்கு குளோஸே ஆரம்பத்துலேருந்தே இறங்கியும் கோல் போடல, அந்த ஒரு நன்றி அவருக்கு உண்டு. வீட்ல யாரும் சாப்பிடல, சோத்துல தண்ணி ஊத்தி வச்சுட்டோம்.


ஃபைபர் போட்டு (தேவனாம்பட்டினம்) எழுதியது:

கடலூர்க்காரர் கேட்டதால நான் ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்த பிரேசில் மேட்ச் அன்னிக்கு ராத்திரி ஒன்றரைக்கு ஆரம்பிச்சுது. எங்களுக்குப் போட்டு தள்ற நேரம் ரெண்டரை. சரி, பாதி மேட்ச் பார்த்துட்டுப் போலாம்னு லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். சத்தத்தை சுத்தமாக் குறைச்சுட்டேன், குழந்தை எழுந்துக்கும்னு. முதல் கோல். அப்புறம் இந்த குளோஸே. அதுக்கப்புறம் இன்னா நடந்துச்சுன்னே புரியல. மறுபடி மறுபடி போட்டுக் காட்றான்னு நினைச்சேன், மூலைல பார்த்தா நம்பர் மாறிக்கினே இருக்கு. 29 நிமிஷத்துல அஞ்சு.

பாதி நேரத்துல டிவியை அமுக்கிட்டுக் கரைக்குப் போனேன். "இன்னாடா ஸ்கோரு?"ன்னு கேட்டானுங்க. அஞ்சு-சைபர் ஜெர்மனின்னேன். போட்ல நாலு பேரு, நாலு பேரும் சிரிச்சானுங்க. "தூங்கிட்டு வந்து கத வுடுறியா?" எங்க பெரியப்பா மட்டும் சிரிக்கல. "பிரேசிலா அஞ்சு போட்டது, மாத்திச் சொல்றான் பையன்"னாரு. கடல்ல சிக்னல் இல்ல. விடிஞ்சு எட்டு மணி வரைக்கும் நான்தான் பைத்தியக்காரன். கரைக்கு வந்தா டீக்கடைல பேப்பரை மடிச்சு வச்சுக்கினு ஒருத்தர் சொல்றாரு, ஏழு-ஒண்ணுன்னு. பெரியப்பா என்னைப் பார்த்து, "நீ அஞ்சுன்னுதானடா சொன்னே?"ன்னாரு. அப்பவும் என் பேர்லதான் தப்பு!

இதுல ஃபுட்பால் விஷயம் இன்னா இருக்குன்னு கேட்டா, ஒண்ணு இருக்கு. அந்தாளு ரெண்டாவது வாட்டி அடிச்சாரே, அது எனக்குச் சத்தமே இல்லாத டிவிலயும் நல்லா பளிச்சுனு பட்டுச்சு. வலைலேருந்து மீன் துள்ளி வெளிய விழுந்தா திட்டிக்கினு நிக்க மாட்டோம், கை தானாப் போவும். அந்த மாதிரி.


கெடிலக்கரை மறுபடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பட்டறைலேயே போன்ல போட்டுக் காட்டினேன். கூரைத் தச்சுன்னதும் கொஞ்சம் நிமிர்ந்தான். எங்க பட்டறை உத்திரம் தானே புயல்ல விழுந்த பலாமரத்துல போட்டது, 2012 தொடக்கத்துல நானும் அவன் அப்பாவும் ஏத்தினோம், இவன் அப்போ சின்னப் பையன், கீழ நின்னு ஆணி எடுத்துக் கொடுத்தான். "அந்த மாதிரியா மாமா?"ன்னான். அந்த மாதிரிதான்னேன்.

வயசுக் கணக்கை ஒரு பிளைவுட் துண்டுல பென்சில்ல எழுதி வச்சுட்டான். ஆனா "ஏணில நடுவுல படி இல்ல"ன்னு ஸ்டாப்பர் அண்ணன் எழுதினதைப் படிச்சுட்டு, "இவர்தான் நெசம் சொல்றாரு"ன்னான். திட்டுறானா பாராட்டுறானான்னு எனக்கே தெரியல.

அப்புறம் அவனே தேடி ஒரு வீடியோ எடுத்தான். குளோஸே கையால கோல் போட்டுட்டு, அதை அவரே ரெஃப்ரிகிட்ட ஒத்துக்கிட்டாராம். இதைப் பார்த்துட்டு எங்க பட்டறைல பெரிய தகராறு. பாலிஷ் போடுற பையன், "நம்ம ஊர்ல இப்படிச் சொன்னா சொந்த டீமே அடிக்கும்"ங்கிறான். இவன், "அடிக்கட்டும்"ங்கிறான். இது எந்த மேட்ச்?


பழைய ஸ்டாப்பர் எழுதியது:

2012 செப்டம்பர், இத்தாலில. குளோஸே அப்போ லாட்ஸியோல, எதிர் டீம் நாப்போலி. ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம்தான், ஒரு கார்னர். பந்து அவர் கைல பட்டு உள்ள போச்சு. ரெஃப்ரி கோல் கொடுத்துட்டார். நாப்போலிக்காரங்க சுத்தி நின்னு கத்துறாங்க. இவர் போய் "கைதான்"னு சொல்லிட்டார். கோல் ரத்து. கார்டு எதுவும் காட்டல, ரெஃப்ரி கை கொடுத்துட்டுப் போனார். கதையா எழுதினா அதுக்கப்புறம் லாட்ஸியோ ஜெயிக்கணும். ஜெயிக்கல. கவானி மூணு போட்டு 3-0. அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை, 2005ல பிரேமன் டீமுக்கு ஆடுறப்போ, தனக்குக் கிடைச்ச பெனால்டியையே ஃபவுல் இல்லேன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்.

உங்க பாலிஷ் பையன் சொல்றது பொய் இல்ல. நான் சாட்சி. பேர் ஊர் வேணாம், 90கள்ல ஒரு கிராமத்து டோர்னமென்ட், அரை இறுதி. மழை பேஞ்சு மைதானம் களிமண். நாங்க 1-0ல முன்னாடி. கடைசி நிமிஷம், அவங்க ஃபார்வேர்டு அடிச்ச பந்து நேரா கோலுக்குப் போகுது, கோலி விழுந்து கிடக்கார். நான் குறுக்க பாய்ஞ்சேன். பந்து என் முழங்கைல பட்டு வெளிய போச்சு. ரெஃப்ரிக்கு முன்னாடி ரெண்டு பேர் மறைச்சுட்டாங்க, கார்னர்னு கை காட்டிட்டார். அந்த ஃபார்வேர்டு என்னைப் பார்த்தான். சத்தம் போடல, சும்மா பார்த்தான். நான் குனிஞ்சு காலுறையை இழுத்து விட்டுக்கிட்டேன். காலுறை சரியாத்தான் இருந்துச்சு.

ஃபைனலும் ஜெயிச்சோம். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் குடம். அந்தக் குடத்துலதான் இன்னிக்கும் எங்க வீட்ல குடிதண்ணி புடிக்கிறாங்க, அதுக்குப் பேரே கோப்பைக் குடம். வீட்டுக்காரிக்கு விஷயம் தெரியும். என்மேல கோவம் வந்தா அந்தக் குடத்தைத்தான் கொஞ்சம் சத்தமா வைப்பா. அந்த ஃபார்வேர்டு இப்பவும் இந்தப் பக்கம்தான் இருக்கார், டீக்கடைல பார்த்தா தலையாட்டுவார். ஒருநாளும் அதைப் பத்திக் கேட்டதில்ல. கேட்டிருந்தா எனக்கும் லேசா இருந்திருக்கும்.

அதனால பையனுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன், சொல்ற தகுதி எனக்கு இல்ல.

ஹெட்டிங்குக்கு மட்டும் வழி சொல்றேன், அது என் தொழில். பந்தை ஒரு வலைப் பைல போட்டு அந்தப் பலா உத்திரத்துல கயிறு கட்டித் தொங்க விடுங்க. நின்ன நிலைல அவன் நெத்திக்கு ஒரு சாண் மேல. லேசான பந்தா இருக்கணும், காத்தும் கொஞ்சம் கம்மியா இருக்கட்டும். முதல்ல குதிக்கவே வேணாம், பந்தை லேசா ஆட்டி விட்டுட்டு அதுல எழுதியிருக்கிற எழுத்தைச் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. படிக்கணும்னா கண்ணு திறந்துதானே ஆகணும்! ரெண்டு நாள் கழிச்சு முட்டட்டும். முடி இருக்கிற இடம் இல்ல, நெத்தி. கழுத்து விறைப்பா இருக்கணும், அவன் போய்ப் பந்தை முட்டணும், பந்து வந்து அவனை முட்டக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்து தடவை போதும். தலைவலின்னு சொன்னா அன்னிக்கோட நிறுத்திருங்க, வீரம் காட்ட வேணாம்.


புள்ளிவிவரம் எழுதியது:

ஸ்டாப்பர் சார், அவர் கோல் போட்ட மேட்ச்ல ஜெர்மனி தோத்ததே இல்லேங்கிறதைப் போய்ச் சரிபார்த்தேன். ராத்திரி பூரா. நீங்க சொன்னது சரி. இன்னொண்ணும் கிடைச்சுது, நாலு உலகக் கோப்பை ஆடி நாலுலயும் பதக்கம். 2002 வெள்ளி, 2006, 2010 வெண்கலம், 2014 தங்கம். 2022 முடிஞ்சப்போ மெஸ்ஸி 13ல நின்னார், எம்பாப்பே 12ல.

ஆனா முல்லர்தான் பெரியவர். அதுல மாத்தமில்ல.


சொல்தா பேரன் எழுதியது:

ஃபோன்தேன்.


கெடிலக்கரை மறுபடி எழுதியது:

கயிறு கட்டியாச்சு. ஸ்டாப்பர் அண்ணே, உங்க எழுத்துப் படிக்கிற வித்தை வேலை செய்யுது, ஆனா பந்துல இருந்த எழுத்தெல்லாம் தேய்ஞ்சு போச்சு. அதனால அவனே கார்ப்பென்டர் பென்சில்ல ஒரு அளவு எழுதிட்டான். 6 அடி 9 இஞ்ச். நான் அரை இஞ்ச் குறைச்சு அறுத்தான்னு சொன்னேனே, அந்த நிலையோட அளவு. பாலிஷ் போடுற பையன் ஆட்டி விடுறான், இவன் "ஆறு ஒம்போது, ஆறு ஒம்போது"ன்னு கத்துறான். வந்த கஸ்டமர் ஒருத்தர் அளவு எடுக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு வெளியவே நின்னுட்டார்.

சென்னைல ஒரு டீம் பத்தி விசாரிச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. கூட்டிட்டுப் போறேன். ஒரே சிக்கல், மூட்டைக்குப் பின்னாடி கிடந்த பூட்ஸை எலி கடிச்சிருக்கு. இடது கால், முன்பக்கம். புதுசு வாங்க இந்த மாசம் கை வராது. கடலூர்ல கேட்டா ஒட்டித்தான் தரேங்கிறாங்க, தைக்கிற ஆள் யாராவது இருக்காங்களா?


பழைய ஸ்டாப்பர் எழுதியது:

ஒட்டாதீங்க, ரெண்டே ஓட்டத்துல வாயைப் பொளந்துரும். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு பெரியவர் உக்காந்திருப்பார், மெழுகு நூல்ல ரெட்டைத் தையல் போடுவார். காலைல பதினோரு மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி வர மாட்டார். வெள்ளிக்கிழமை வந்தா நானும் வரேன். பையனையும் கூட்டிட்டு வாங்க, கால்ல போட்டுப் பார்த்துத்தான் தைக்கணும்.


ஃபைபர் போட்டு எழுதியது:

சைஸ் எட்டுன்னா எங்கிட்ட ஒண்ணு இருக்கு. கொஞ்சம் உப்புப் பூத்திருக்கும்.